எதிரே வளர்ந்த பாலம்

புயல் ஒரே மூச்சில் தெற்குத் தீவைத் துடைத்துப் போட்டது. கருவாடு காயவைக்கப் போயிருந்த பஞ்சவர்ணமும் போனாள். உடல்கூடக் கிடைக்கவில்லை.

அவள் புருஷன் காத்தமுத்து, வடக்குத் தீவில் இருந்த சாமியிடம் சீடராகச் சேர்ந்தார். சாமியைவிட வயதில் மூத்த சீடர். அவளை இன்னொரு தரம் பார்க்க வழி உண்டா என்று கேட்டார். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த சாமி நிமிரவில்லை.

"பாலம் கட்டும்."

கட்டினார். கடல் வற்றும்போதெல்லாம் கல் சுமந்துபோய் அடுக்கினார். படகுக்காரர்கள் சிரித்தார்கள். வெற்றிலை மென்று துப்புவதற்குள் அக்கரை போய்விடலாமே, இதற்கா பாலம் என்றார்கள். படகில் போனால் அங்கே வெறும் மணல்தான் இருக்கிறது என்றார் அவர். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

வருஷங்கள் போயின. பாலம் பாதிக் கடல் வந்த சமயம், ஒரு காலையில் எதிரே பார்த்தார். தெற்குத் தீவிலிருந்தும் ஒரு கல்வரிசை கிளம்பி வந்திருந்தது. ஆளே இல்லாத தீவு.

ஓடிவந்து சொன்னார். சாமி கஞ்சியைக் குடித்து முடித்தார்.

"பார்க்கிற ஆசை உமக்கு மட்டும்தான் இருக்கணுமா? போய் வேலையைப் பாரும்."

அதன் பிறகு இவர் ஒரு கல் வைத்தால் அங்கேயும் ஒரு கல் கூடியிருந்தது. வைக்கிற கையை மட்டும் ஒரு நாளும் பார்க்க முடியவில்லை. கடைசியில் ஒரே ஒரு கல்லுக்கு இடம் மிஞ்சியது. காத்தமுத்து கல்லைத் தோளில் ஏற்றிக்கொண்டு, முணுமுணுத்த சாமியையும் விடாமல் கூட்டிப் போனார்.

சாமி இடைவெளியைத் தாண்டி எதிர்ப்பக்கம் காலை வைத்தார். உடனே இழுத்துக்கொண்டார். உள்ளங்காலில் ரத்தம்.

"என்ன கல் ஐயா இது, முள்ளாக் குத்துது."

காத்தமுத்து குனிந்து தண்ணீருக்குள் கையை விட்டார். கல்லுக்கு அடியில் முட்டு எதுவும் இல்லை. அப்படியே நின்றது. அடிப்பக்கத்தைத் தடவினார். வழவழவென்று இருந்தது. செதுக்கிய கல். ஒரு குதிகால் அளவுக்குத் தேய்ந்தும் இருந்தது.

"நடக்கிற பக்கத்தைத்தானே செதுக்குவோம், சாமி?"

"ஆமாம்."

"இது அடிப்பக்கம்."

"உமக்கு."

கடல் ஏறத் தொடங்கியது. தோளில் கல் கனத்தது. வைக்கட்டுமா, வேண்டாமா என்று கேட்டார் காத்தமுத்து. 

சாமி காலை உப்புத் தண்ணீரில் அலசினார்.

"வையும், வைக்காமல் போம். வைத்தால் எந்தப் பக்கத்தை மேலே வைப்பீர்? அதைச் சொல்லும்."