பூக்கட்டிப் பார்த்த நாய்க்குட்டி

மலைக்கோயிலுக்கு ஏறும் பாதை தொடங்குகிற இடத்தில் ஒரு மடம். ஏறுகிறவர்களுக்கு மோர் கொடுப்பார்கள். நடத்துகிறவள் உலகம்மை. வயது ஐம்பத்திரண்டு. உபதேசம் எல்லாம் கிடையாது. கேட்டால் பதில் சொல்வாள். சில நாள் அதுவும் கிடையாது.

அவளுக்குச் சீடர் ஆவுடையப்பன். அவளைவிடப் பத்து வயது மூத்தவர். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் அவளைத் தாயே என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள். இதில் யாருக்கும் சங்கடம் இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை யாரோ மடத்து வாசலில் அட்டைப்பெட்டியில் ஒரு நாய்க்குட்டியை வைத்துவிட்டுப் போனார்கள். செவலை நிறம். ஒன்றரை மாதம் இருக்கும். ஆவுடையப்பன் எடுத்துப் பால் ஊற்றினார். அன்றிலிருந்து அது அவர் வேட்டி நுனியை விடவில்லை.

அதே வாரம் கீழே காலனியில் குட்டிகளுக்கு ரத்தக் கழிச்சல் வந்தது. ஐந்து நாளில் மூன்று குட்டி போயிற்று.

பக்கத்து ஊர்க் கால்நடை நிலையத்துக்குப் புதன்கிழமை மட்டும் டாக்டர் வருவார். அந்த நோயைத் தடுக்கிற ஊசி அவரிடம் உண்டு. செவ்வாய் காலையில் ஆவுடையப்பன் குட்டியைத் தூக்கிக்கொண்டு உலகம்மை முன்னால் வந்து நின்றார். அவள் மோர் கடைந்துகொண்டிருந்தாள்.

"தாயே, நாளைக்குப் புதன். இதுக்கு ஊசி போடலாமா, வேண்டாமா?"

"குட்டி யாருது?"

"மடத்துது."

"மடமா பால் ஊத்துச்சு?"

"நான்தான் ஊத்தினேன்."

"பிறகு என்கிட்ட என்ன கேள்வி?"

அவர் நகரவில்லை.

"நீங்க போடுன்னா போடுதேன் தாயே. வேண்டாம்னா விட்டுருதேன்."

"போட்டுச் செத்துட்டா?"

அவர் குட்டியின் காதைத் தடவினார்.

"போடாம செத்துட்டா?"

குட்டியை மற்றக் கைக்கு மாற்றினார்.

"ரெண்டுக்கும் என் தலையா? நல்லா இருக்கே அண்ணாச்சி. பதினோராயிரம் வோல்ட்டுக் கம்பியில வேலை பார்த்த ஆளு. ரெண்டு சொட்டு மருந்துக்கு என் முந்தானைக்குப் பின்னால ஒளியுதீங்க."

மோர் குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். ஆவுடையப்பனுக்கு முகம் சுண்டிவிட்டது.

"கரண்டுன்னா எனக்குத் தெரியும். ஆஃப் பண்ணினா ஆஃப். இது அப்படி இல்ல தாயே. ஒரு தடவை சூடு பட்டிருக்கேன்."

சொன்னார். முப்பது வருஷத்துக்கு முன்னால் குவார்ட்டர்ஸில் கருப்பட்டி என்று ஒரு குட்டி இருந்தது. மகளுக்கு அதன்மேல் உயிர். அவளுக்கு அப்போது எட்டு வயது. இவர்தான் சைக்கிளில் வைத்துக் கொண்டுபோய் ஊசி போட்டு வந்தார். நாலாம் நாள் அது ரத்தமாகப் போய்ச் செத்தது.

"எதுக்குப்பா கொண்டு போனேன்னு மக கேட்டா. ஒரே ஒரு தடவைதான் கேட்டா. இப்ப அவளுக்கே ரெண்டு பிள்ளை. அவ மறந்திருப்பா. எனக்கு இன்னும் காதுக்குள்ள கிடக்கு."

உலகம்மை மத்தை நிறுத்தினாள். ஏதோ சொல்லப்போகிறாள் என்று அவர் காத்து நின்றார்.

"உப்பை எடுங்க" என்றாள்.

அந்தப் பக்கத்தில் முடிவு தெரியாத காரியத்துக்குப் பூக்கட்டிப் பார்ப்பார்கள். வெள்ளைப் பூவை ஒரு வாழையிலைத் துண்டில் மடிப்பது. சிவப்பை இன்னொன்றில். இரண்டையும் சாமி முன்னால் போட்டால், விவரம் தெரியாத சின்னப் பிள்ளை ஒன்றை எடுக்கும். எடுத்தது எதுவோ அது சாமி சொன்னது.

மடத்தில் சின்னப் பிள்ளை கிடையாது. இருந்ததில் விவரம் தெரியாதது நாய்க்குட்டி ஒன்றுதான்.

மத்தியானம் ஆள் நடமாட்டம் குறைந்ததும் ஆவுடையப்பன் முருகன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்தார். வெள்ளைப் பிச்சிப்பூ வந்தால் ஊசி. செம்பருத்தி வந்தால் வேண்டாம். பொட்டலங்களைப் போட்டுவிட்டுக் குட்டியை அவிழ்த்து விட்டார்.

குட்டி ஒன்றைக் கவ்வியது. பிரித்தார். சிவப்பு.

வேண்டாம் என்று ஆகிவிட்டது. எழுந்து போயிருக்கலாம். காலனியில் செத்த மூன்றும் ஊசி போடாத குட்டிகள் என்பது நினைவுக்கு வந்தது. இலையைச் சரியாக மடிக்கவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மறுபடி போட்டார்.

வெள்ளை. கருப்பட்டி கண்ணை மூடிய காட்சி அவர் கண்முன்னால் வந்து நின்றது. மறுபடி போட்டார்.

மூன்றாம் தடவை குட்டி இரண்டு பொட்டலத்தையும் இலையோடு தின்றது. தின்றுவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று அவர் முகத்தைப் பார்த்தது.

"முருகன் என்ன சொல்லுதாரு?"

உலகம்மை பின்னால் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

"விளங்கல தாயே."

"சிவப்பு வந்தப்ப எப்படி இருந்துச்சு?"

"பயமா இருந்துச்சு."

"வெள்ளை வந்தப்ப?"

"அதுவும் பயந்தான்."

"பிறகு பூ என்ன செய்யும், பாவம்."

குனிந்து ஒரு கையால் குட்டியை அள்ளினாள். விறுவிறுவென்று வெளியே நடந்தாள். எங்கே என்று அவர் கேட்டதற்குப் பதில் இல்லை. செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு பின்னால் ஓடினார்.

காலனிக்கு இறங்கினாள். கடைசி வீட்டுக்குப் பின்னால் சாக்கடை ஓரம் போய் நின்றாள். அங்கே ஒரு கோணிச்சாக்கு கிடந்தது. காய்ந்த கறை. ஈ மொய்த்தது.

குழாயடியில் நின்ற பெண் சத்தம் போட்டாள். "எம்மா, அங்கன போவாதீங்க! எங்க குட்டி செத்த இடம். சாக்கைக்கூட இன்னும் எரிக்கல."

உலகம்மை காதில் வாங்கின மாதிரித் தெரியவில்லை. குனிந்தாள். குட்டியை அந்தச் சாக்கின்மேல் விடப்போனாள்.

குட்டியின் கால் சாக்கில் படவில்லை. அதற்குள் ஆவுடையப்பன் பாய்ந்து பிடுங்கிவிட்டார். அறுபத்திரண்டு வயதுக்காரர் பாய்கிற பாய்ச்சலா அது. நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நாலடி பின்னால் போய் நின்றார். மூச்சு வாங்கியது.

"என்ன அண்ணாச்சி?"

"என்னவா? அங்கன நோய் இருக்கு! அந்தப் பிள்ளை கத்துனது உங்களுக்குக் கேக்கலையா?"

"கேட்டுச்சு."

"கேட்டுமா கீழ விடப் பார்த்தீங்க?" குருவிடம் அந்தக் குரலில் அவர் பேசியதே இல்லை.

"யாரைக் கேட்டுப் பிடுங்குனீங்க?"

அவர் குட்டியை இன்னும் இறுக்கிக்கொண்டார். 

"ஓடி வரும்போது பூக்கட்டிப் பார்த்தீங்களா?"

குட்டி அவர் துண்டைக் கடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

"காலைக் கழுவிட்டு வாங்க. நோயைச் செருப்புல ஒட்டிக்கிட்டு வராதீங்க" என்று சொல்லிவிட்டு உலகம்மை குழாயடிக்குப் போய்த் தன் காலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். சாக்கை எரிக்கச் சொல்லி அந்தப் பெண்ணைக் கொஞ்சம் திட்டினாள்.

புதன்கிழமை காலை ஆவுடையப்பன் குட்டியை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றார். முதல் பஸ் வந்தது. கூட்டம் என்று விட்டுவிட்டார். இரண்டாவது பஸ்ஸில் கூட்டமே இல்லை. அதையும் விட்டார். மூன்றாவது பஸ்ஸின் கண்டக்டர் படியில் நின்றபடி கேட்டார்: "பெரியவரே, வாறீங்களா, இல்ல பஸ்ஸை எண்ணிக்கிட்டு இருக்கீங்களா?"

ஏறினார்.

டாக்டர் பெயர் ஜெனோவா. சின்ன வயசு. குட்டியின் கண்ணைப் பார்த்தாள், ஈறைப் பார்த்தாள், காய்ச்சல் பார்த்தாள்.

"காய்ச்சல் இல்ல. போடலாம்."

"போட்டா பிழைச்சிரும்லா?"

"நல்லாத் தடுக்கும். நூத்துக்கு நூறுன்னு எழுதித் தர மாட்டேன். ஏற்கனவே நோய் உள்ள போயிருந்தா ஊசி அதை நிறுத்தாது."

"ஊசியால நோய் வந்திருமா?"

"வராது. இன்னைக்குக் கொஞ்சம் சோர்ந்து கிடக்கும். அவ்வளவுதான்."

அவர் கருப்பட்டி கதையை இரண்டே வரியில் சொன்னார்.

டாக்டர் மருந்தை உறிஞ்சிக்கொண்டே கேட்டாள். "அதுக்கு முன்னாடி உங்க தெருவுல வேற குட்டி ஏதாவது செத்துச்சா?"

அவர் யோசித்தார். முப்பது வருஷம் பின்னால் போய் வர நேரம் ஆயிற்று.

"ரெண்டு செத்துச்சு."

"அதுக்கு எத்தனை நாள் கழிச்சு ஊசிக்குக் கொண்டு போனீங்க?"

"போடலாமா வேண்டாமான்னு... ரெண்டு வாரம் பார்த்தேன்."

டாக்டர் தலையை மட்டும் ஆட்டினாள். "பிடிச்சுக்குங்க" என்றாள்.

குட்டி ஒரு தடவை கத்தியது. அவர் இரண்டு தடவை கத்தினார்.

சீட்டில் தேதி எழுதிக் கொடுத்தாள். மூன்று வாரம் கழித்து அடுத்த ஊசி.

விளக்கு வைக்கிற நேரத்தில் உலகம்மை வந்து பார்த்தபோது ஆவுடையப்பன் மடத்துச் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். குட்டி மடியில். இரண்டு கையாலும் பிடித்திருந்தார். அவள் எதிரே உட்கார்ந்தாள்.

"டாக்டர் ஒன்னு கேட்டாங்க தாயே."

கேட்டதைச் சொன்னார். தான் சொன்ன பதிலையும் சொன்னார்.

"இத்தனை வருஷமா ஊசிக்குக் கொண்டு போன கைன்னு இந்தக் கையை நொந்துக்கிட்டு இருந்தேன். கொண்டு போனது தப்பில்ல. ரெண்டு வாரம் கொண்டு போகாம இருந்தேன்லா. அதுதான்."

 

மலையிலிருந்து இறங்கி வந்த ஒரு குடும்பம் மோர் கேட்டது. உலகம்மை எழுந்து போய்க் கொடுத்துவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தாள்.

"இது மூக்கு சுடுது தாயே. பால் வச்சா மோந்து பார்க்கறதோட சரி. கூப்பிட்டா ஒரு கண்ணைத்தான் திறக்கு. நோய் முன்னாலேயே உள்ள போயிருந்தா?"

அவள் குட்டியைப் பார்த்தாள்.

"சொல்லுங்க தாயே. இதுவும் போயிட்டா நான் என்ன செய்ய?"

"அழுங்க."

அவர் நிமிர்ந்தார்.

"நானும் வந்து உங்க கூட உக்காந்து அழுவேன்" என்றாள் உலகம்மை. "இப்ப அதைக் கீழ விடுங்க அண்ணாச்சி. மத்தியானத்துல இருந்து நிமிசத்துக்கு ஒரு தடவை எழுப்பி எழுப்பிப் பாக்கீங்க. அது தூங்கட்டும்."