வாத்துக்காரப் பூவாயி

ஒரு ஊர்ல ஒரு வாத்துக்காரக் குடும்பம் இருந்துச்சு. ஒரு ஊர்லன்னு சொல்றதே தப்பு, அவங்களுக்கு ஊரே கிடையாது. எங்க அறுப்பு முடிஞ்சு வயலு சும்மா கெடக்குதோ, அங்க வாத்தை ஓட்டிட்டுப் போயிருவாங்க. சிந்தின நெல்லையும் நத்தையையும் வாத்து பொறுக்கித் தின்னும். குவா குவா குவான்னு முந்நூறு வாத்து. வரப்போரமா தார்ப்பாயில ஒரு கூடாரம். பக்கத்துல வலையக் கட்டி வாத்துக்கு ஒரு பட்டி. விடிஞ்சதும் உள்ள போனா சேத்துல முட்டை முட்டையாக் கெடக்கும். அதைப் பொறுக்கி வித்துத்தான் சாப்பாடு. ம் சொல்லு.

ம்.

அந்தக் குடும்பத்துல மூணே பேரு. பூவாயி, அவ மக தேனு, உன் வயசுதான் அவளுக்கும். அப்புறம் பூவாயியோட மாமனாரு சடையன். தேனுவோட அப்பாவா? அவன் பாம்பு கடிச்சுச் செத்துப்போயி ரெண்டு வருஷம் ஆச்சு. பூவாயியோட அண்ணன் வந்து, புள்ளையக் கூட்டிக்கிட்டு நம்ம வீட்டுக்கு வந்துருன்னு கூப்பிட்டான். அவ போகல. பெண்டாட்டியும் இல்லாம மகனும் இல்லாம நிக்கிற மனுஷனை எப்புடி விட்டுட்டுப் போறதுன்னு இருந்துட்டா.

ஆனா பாரு, மாமனாரும் மருமகளும் நேருக்கு நேர் பேசிக்க மாட்டாங்க. அவங்க சனத்துல அதுதான் மரியாதை. எதுன்னாலும் நடுவுல தேனு. தேனு, உங்கம்மாவக் கஞ்சி ஊத்தச் சொல்லும்பாரு. அவ ரெண்டடி தள்ளித்தான் நிப்பா. காதுல நல்லா விழும். ஆனாலும் தேனு வந்து சொன்னாத்தான் ஊத்துவா.

என்னது? பள்ளிக்கூடமா? போவா போவா. எந்த ஊர்ல பட்டி போடுறாங்களோ, அந்த ஊருப் பள்ளிக்கூடத்துல போயி உக்காந்துக்குவா.

அப்போ ஒரு ஆவணி மாசம் பூவாயிக்கு இருமல் வந்துச்சு. லொக்கு லொக்குன்னு ஒரு வாரம், ரெண்டு வாரம், ஒரு மாசம். உடம்பு எளைச்சு, ரவிக்கை தோள்ல நிக்கல. ஒரு நாளு துப்பினா ரத்தம். அப்புறம்தான் ஆசுபத்திரிக்குப் போனாங்க. சளிய எடுத்துப் பாத்துட்டுக் காசநோயின்னாங்க. ஆறு மாசம் தினமும் மாத்திரை போடணும், ஒரு நாளு கூட விடக்கூடாது, வாயை மூடி இருமணும், புள்ளையப் பக்கத்துல படுக்க வைக்காதேன்னு நர்சம்மா சொன்னாங்க. மூத்திரம் செவப்பாப் போகும், அது மாத்திரையோட நிறம், பயப்படாதேன்னாங்க. தேனுவுக்கும் தாத்தாவுக்கும் கூட சோதிச்சுப் பாத்தாங்க. அவங்களுக்கு ஒண்ணுமில்ல.

அன்னையிலேர்ந்து தேனு தாத்தாகிட்டதான் படுத்தா. பூவாயி கூடாரத்துக்கு வெளியில தனியா ஒரு கோரைப்பாயில. அவளுக்கு நோவு கூடப் பெருசாத் தெரியல. மக தலையத் தடவாமத் தூங்குறதுதான் பெருசாத் தெரிஞ்சுது.

அப்புறம் ரெண்டு மாசம் ஆச்சு. இருமல் நின்னுருச்சு. ஆனா மாத்திரையப் போட்டா உவ்வே உவ்வேன்னு கொமட்டும், சோறு எறங்காது. அதான் சரியாப் போச்சே, இன்னும் எதுக்கு இந்த எழவுன்னு நெனச்சு, ஒரு நாளு மாத்திரைய வாயில போடுற மாதிரி போட்டு, வரப்போரமா துப்பிச் சேத்துல மிதிச்சுட்டா. மறுநாளும் அப்படியே செஞ்சா. சடையன் பாத்துட்டாரு.  கஞ்சிய ஊத்தி வச்சா, தொடல. மத்தியானமும் தொடல. சாயங்காலமும் தொடல. மனுஷன் பாட்டுக்கு வாத்தை மேய்ச்சுட்டு வந்து சுருண்டு படுத்துக்கிட்டாரு. மறுநாள் காலையில தேனு அழுதுக்கிட்டே வந்து, "அம்மா, நீ மாத்திரையத் துப்புனியாம். அப்பாயிக்கும் இதே இருமல்தானாம். பாதியில நிறுத்துனாங்களாம், செத்துப்போயிட்டாங்களாம். நீ முழுங்குற வரைக்கும் தாத்தா சாப்பிட மாட்டாராம்"னா.

அவரு பெண்டாட்டி எதுல போனாங்கன்னு பூவாயிக்கு அதுவரைக்கும் தெரியாது.  தண்ணியை மொண்டா, மாத்திரையப் போட்டு மடக் மடக்குன்னு முழுங்கினா. வாயத் தொறந்து மகளுக்குக் காட்டினா. அப்புறம்தான் அவரு கஞ்சியில கைய வச்சாரு. அப்புறம் நேரா ஆசுபத்திரிக்குப் போயி, ரெண்டு நாளு விட்டதை ஒளிக்காமச் சொல்லித் திட்டு வாங்கிட்டு வந்தா. தூங்கிட்டியா?

ம்ஹூம்.

அப்போ கார்த்திகை மாசம் வந்துச்சு. ஒரு நாளு பட்டப்பகல்லயே இருட்டிக்கிட்டு வந்து, சோன்னு மழை. உய்ங் உய்ங்குன்னு காத்து. பக்கத்து வாய்க்கால் படார்னு ஒடைச்சுக்கிச்சு. திபுதிபுன்னு தண்ணி வயலுக்குள்ள ஏறுது. வாத்துக்கு மிரட்சி. வலையச் சாச்சுட்டு நாலா பக்கமும் போகுது. சடையன் கழியத் தூக்கிக்கிட்டு வாத்துக்குப் பின்னால ஓடினாரு. ஓடினவரு திரும்பிப் பாத்தா கூடாரம் மிதக்குது. பூவாயி மகளை இடுப்புல வச்சுக்கிட்டு எந்தப் பக்கம் போறதுன்னு தெரியாம நிக்கிறா. அப்போ அவரு கூப்பிட்டாரு. தேனுவை இல்ல.

"பூவாயி, மேட்டுக்கு ஏறும்மா. பனைமரத்துகிட்டப் போ."

மருமகளா வந்த நாள்லேர்ந்து அவரு வாயில அவ பேரு அன்னைக்குத்தான் வந்துச்சு. அவ ஏறிட்டா. அவரு கழியப் போட்டுட்டு, தண்ணிக்குள்ள முங்கி, கூடாரத்துக்குள்ள கையவிட்டுத் துழாவி, மாத்திரை டப்பாவைத் தலையில வச்சுக்கிட்டு வந்து சேந்தாரு. மறுநாள் தேடினா பாதி வாத்துதான் இருந்துச்சு. பூவாயிக்கு வயிறு எரியுது. அவளும் தேனுவைத் தேடல, நேராவே கேட்டுட்டா, வாத்தை விட்டுட்டீங்களே மாமான்னு.

"வாத்து போனா முட்டையிலேர்ந்து வரும். நீ எங்கேர்ந்து வருவே?"ன்னாரு அவரு.

அதுக்கப்புறம் அவங்க நேராவே பேசிக்கிட்டாங்க. தேனுவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான், வேலை போச்சுல்ல.

அப்புறம் தை மாசம் வந்துச்சு. அறுப்பு தொடங்கியாச்சு, வாத்துக்கு நல்ல தீனி. அப்போ பாத்து, வரப்புல பனி ஈரம், சடையனுக்குச் சர்ருன்னு வழுக்கி, மளுக்குன்னு ஒரு சத்தம். முழங்காலுக்குக் கீழ எலும்பு முறிஞ்சு போச்சு. மாவுக்கட்டு போட்டு, ஒண்ணரை மாசம் கால ஊனாதேன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. வயக்காரங்க கட்டில்ல வச்சுத் தூக்கிட்டு வந்து கூடாரத்துல விட்டாங்க.

பூவாயிக்கு இன்னும் மாத்திரை முடியல. ஆனா அவதான் முட்டை பொறுக்கினா, அவதான் வாத்து மேய்ச்சா, அவருக்கு வெந்நீர் வச்சா, பீ மூத்திரம் அள்ளினா. சடையனுக்குக் கூசிப்போச்சு. துண்டால முகத்த மூடிக்குவாரு. அவருக்கு வேற ஊர்ல கட்டிக்கொடுத்த மக ஒருத்தி உண்டு, அவ சேதி அனுப்பிச்சா, அப்பாவை இங்க கொண்டாந்து விடுன்னு. அவரும், "விட்டுரும்மா, நீயே இப்பதான் எந்திரிச்சிருக்கே, நான் வேற பாரமா"ன்னாரு.

பூவாயி யோசிச்சுத்தான் பதில் சொன்னா. "மகளோட இருக்கணும்னு ஆசைன்னாச் சொல்லுங்க மாமா, நாளைக்கே கொண்டுபோயி விடுறேன். பாரம்னு நெனச்சுப் போறதா இருந்தா வேணாம்."  போகணும்னு அவரு அப்புறம் கேக்கல.

மாசி மாசம் கடைசி மாத்திரையும் முடிஞ்சுது. ஆசுபத்திரியில சளிய எடுத்துப் பாத்தாங்க. ஒண்ணுமே இல்ல, போயிட்டு வான்னுட்டாங்க. அன்னைக்கு ராத்திரி தேனு அம்மா வயித்துமேல காலப் போட்டுத் தூங்குனா, ஆறு மாசத்துக்கு அப்புறம்.

ஆனா இந்தப் பக்கத்து வயல்ல தீனி தீந்துபோச்சு. அக்கரைக்குப் போயாகணும். நடுவுல வாய்க்கால், தொடை அளவு தண்ணி. வண்டி வர வழி இல்ல. அறுவடை நாளு, கூப்பிட ஆளும் இல்ல. சடையனுக்குக் கட்டு பிரிக்க இன்னும் பத்து நாளு இருக்கு. பூவாயி அவரு கால்ல பாலிதீன் பையைச் சுத்திக் கட்டினா. முதுகக் காட்டிக் குனிஞ்சு நின்னா. அவரு ஏறல. மருமக முதுகுல மாமன் ஏறுனான்னு சனம் சிரிக்கும்னாரு.

"சிரிக்கிற சனம் வந்து தூக்குமா? கழுத்தப் புடிச்சுக்குங்க மாமா."

ஏறிக்கிட்டாரு. முன்னால வாத்தெல்லாம் பொளக் பொளக்குன்னு எறங்கி நீந்துது. தேனு கழியோட பின்னால. நடுவுல பூவாயி. சளக்... சளக்... சளக்... ஒவ்வொரு அடியா.  சடையன் அவ முதுகுமேல காதை வச்சுக் கேட்டுக்கிட்டே வந்தாரு. கொர் கொர்ருன்னு சளி சத்தம் வருதா, இருமல் வருதான்னு. அக்கரை ஏறி, புல்லுல எறக்கி விட்டதும் கேட்டாரு.

"மூச்சு வாங்குதாம்மா?"

"இல்ல மாமா."

அவரு தலையாட்டினாரு. அப்புறம் அவ போயி வலையக் கட்டினா.

பட்டி போட்டாச்சு. வாத்தெல்லாம் அலகை றெக்கைக்குள்ள சொருகிக்கிட்டுப் படுத்தாச்சு. கதையும் படுத்தாச்சு. நீயும் கண்ண மூடு சாமி.