மன்னர் முட்டாமல் நடந்த கதை

வெள்ளோடை நாட்டு மன்னர் நெடுங்கோவுக்கு ஒரே ஒரு குறை. அவரை யாரும் நடக்க விடுவதில்லை. காலைத் தரையில் வைத்தால் போதும், பல்லக்கு வந்து நிற்கும், குடை வந்து விரியும், "ஐயையோ, மகாராஜாவின் பாதம்!" என்று நாலு பேர் அலறுவார்கள்.

அப்படிப்பட்டவருக்குக் கப்பலில் வந்த வணிகன் ஒருவன் ஒரு மாயக் கண்ணாடியைக் காணிக்கை கொடுத்தான். கண்ணில் மாட்டினால் காடும் மலையும் முன்னால் விரியும். நாம் நடந்தால் காட்சியும் கூடவே நகரும்.

மன்னர் மாட்டினார். "ஆஹா! கடலுக்குப் போகிற சாலை!" என்று குடத்துக்குள் தலையை விட்டுப் பேசுவது போன்ற குரலில் கூவினார். கையை வீசி நடந்தார்.

டமார்!

சாலை போய்க்கொண்டேதான் இருந்தது. மண்டபம்தான் முடிந்துவிட்டது.

நெற்றியில் எலுமிச்சை அளவுக்கு வீக்கம். அமைச்சர் பிரமாதிராயர் ஓடி வந்தார். அவர் குரலில் எப்போதும் நெய் வழியும்.

"மகாஆஆராஜா! தங்கள் நெற்றிமேல் குற்றமே இல்லை. சுவர்தான் திமிர் பிடித்தது. மண்டபத்தை நீட்டிக் கட்டிவிடலாம்."

"இடம்?"

"பக்கத்தில் வளையல்காரத் தெரு சும்மாதானே கிடக்கிறது? இடித்துவிட்டால் போயிற்று."

கட்டப்போவது தன் மைத்துனர் என்பதை மட்டும் சொல்ல மறந்துவிட்டார், பாவம்.

சேதி கேட்டதும் வளையல்காரி வள்ளிக்கண்ணு, அரசவை விகடகவி மருதக்கூத்தன் வீட்டு வாசலில் வந்து நின்றாள். "மகராசா நடக்கணும்னா நாங்க ஓடணுமாய்யா? வளையல் காய்ச்சுற உலையைத் தலையில தூக்கிக்கிட்டு எங்க போறது?"

கூத்தன் நேரே அரண்மனைக்குப் போனான்.

"அரசே, இதே மண்டபத்தில், ஒரு செங்கல்லைக்கூட அசைக்காமல், தாங்கள் கடற்கரை வரைக்கும் நடக்கலாம்."

"முட்டினால்?"

"தெருவை இடியுங்கள். முட்டாவிட்டால் தெரு பிழைக்கட்டும்."

"சரி, நாளைக்கே நடக்கிறேன்!" என்றார் மன்னர்.

"சுவரிடம் உன் சாமர்த்தியம் பலிக்காதப்பா," என்று அமைச்சர் கண்ணைச் சிமிட்டினார்.

கூத்தன் வணிகனைத் தேடிப்போய்க் காதில் ஏதோ சொன்னான். பிறகு அரசவையில் மன்னர் புகழைக் கூவும் கட்டியங்காரன் இடும்பன் காதிலும் ஏதோ சொன்னான்.

மறுநாள் காலை மண்டப வாசலில் வளையல்காரத் தெருவே வந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. மன்னர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நடந்தார். சுவர் நெருங்கியது. இன்னும் நெருங்கியது. மூக்கு இடிக்கப் போகிற சமயம் இடும்பன் தொண்டையைத் திறந்தான்.

"ராஜாதிராஜ! ராஜகம்பீர! எதிரிகளின் வயிற்றில் புளியைக் கரைத்த நெடுங்கோ மகாராஜா பராக்!"

கட்டியம் காதில் விழுந்தால், வெள்ளோடை மன்னர் எங்கே இருந்தாலும் நின்று, கையை உயர்த்தி, நாலு திசைக்கும் அருள் புரிந்தபடி ஒரு சுற்று சுற்ற வேண்டும். அது அந்த நாட்டு வழக்கம். மன்னர் நின்றார். சுற்றினார். மறுபடி நடந்தார். அடுத்த சுவர் வந்தது. அடுத்த "பராக்!" வந்தது.

உச்சிப்பொழுதில் மன்னர் குழந்தை மாதிரித் துள்ளினார். "அதோ, அலை!"

கண்ணாடியைக் கழற்றினார். அதே மண்டபம். நெற்றியில் புது வீக்கம் ஒன்றுமில்லை.

"எப்படியப்பா?"

"திரும்பும்போது மட்டும் கண்ணாடிக்குள் உலகம் இரண்டு மடங்கு சுழலும்படி வணிகனைச் செய்யச் சொன்னேன் அரசே. தங்கள் கண் முழுச் சுற்றுச் சுற்றியது. உடம்பு அரைச் சுற்றுத்தான். சுவரைப் பார்த்து நின்றவர், சுவருக்கு முதுகைக் காட்டி நடந்தீர்கள். சாலை மட்டும் நேராகவே தெரிந்தது."

"மோசடி!" என்று அமைச்சர் பாய்ந்தார். நெய் எல்லாம் உறைந்துவிட்டது. "மகாராஜாவைச் செக்குமாடு மாதிரி சுற்ற விட்டிருக்கிறான்!"

மன்னரின் மீசை துடித்தது. வாசலில் நின்ற வள்ளிக்கண்ணு கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

கூத்தன் பணிவாகக் குனிந்தான். "இடம் போதாது என்கிறார். அமைச்சரே ஒருமுறை நடந்து பார்க்கட்டுமே."

முட்டினால் வெற்றி தன் பக்கம்தான்! பிரமாதிராயர் ஆசையாகக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார். சுவர் நெருங்கியது. இடும்பன் வாயைத் திறந்தான். மூடினான். மறுபடி திறந்தான்.

டமார்!

"பார்த்தீர்களா மகாராஜா!" அமைச்சர் நெற்றியைப் பிடித்துக்கொண்டே குதித்தார். "மண்டபம் போதவில்லை!"

மன்னர் திரும்பினார். "ஏனப்பா கூத்தா, இவருக்கு மட்டும் இடும்பன் ஏன் குரல் கொடுக்கவில்லை?"

"சொல்லித்தான் வைத்திருந்தேன் அரசே. அமைச்சரைப் புகழ்ந்து சொல்ல ஏதாவது ஒன்று கிடைக்குமா என்று நேற்றிலிருந்து அவனும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறான்."

மன்னர் சிரித்த சிரிப்பில் கிரீடம் கழன்று உருண்டது. தெரு பிழைத்தது. மைத்துனர் அவசரப்பட்டு வாங்கிக் குவித்திருந்த செங்கல் எல்லாம் வள்ளிக்கண்ணு தெருவுக்குப் புது உலை கட்டப் போய்ச் சேர்ந்தது.