உப்பளத்து வெயில்

“டாக்டரம்மா, இந்தத் தொழிலையே விட்டுடலாம்னு பாக்கேன்.”

அருள்ராயன் இப்படிச் சொன்னபோது மைமூன் கை கழுவிக்கொண்டிருந்தாள். அவரும் தோல் டாக்டர்தான்; அவள் அவரைவிடப் பத்து வயது சிறியவள். ஆனாலும் தோல் வைத்தியத்தில் ஏதாவது சிக்கல் என்றால் அவர் ஓடிவருவது அவளிடம்தான்.

“என்ன ஆச்சு அண்ணாச்சி?”

“சுடலைவடிவுன்னு ஒரு பிள்ளை. நிச்சயதார்த்தத்துக்கு முன்னால முகத்துல உள்ள திட்டு போவணும்னு வந்தா. மேல்தோல் உரியுற மருந்து பூசினேன். திட்டு போவல, முகமே கறுத்துப் போச்சு. மாப்பிள்ளை வீட்டுல வேண்டாம்னுட்டாங்க.”

“எத்தனை நிமிஷம் வச்சீங்க?”

“பத்து. நான் படிச்ச ஊர்ல அதான் கணக்கு.”

அவர் படித்த ஊரில் வருஷத்தில் பாதி நாள் சூரியனுக்கு லீவு. ஜனங்களும் உரித்த வெங்காயம் மாதிரி இருப்பார்கள். அங்கே வாங்கிய சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டியதோடு மனுஷன் நிற்கவில்லை. அந்த ஊர்க் கணக்கையும் அப்படியே தூத்துக்குடியில் கொண்டுவந்து இறக்கிவிட்டார்.

“நம்ம தோலுக்கு அது சூடு போட்ட மாதிரில்லா?”

“ஒத்துக்கிடுதேன். ஆனா அவ மேலயும் தப்பு இருக்கு. வெயில்ல போவாதன்னு சொன்னேன். பெரிய ஓலைத் தொப்பி போட்டுட்டுத்தான் வேலைக்குப் போனேன்னு சத்தியம் பண்ணுதா. பச்சைப் பொய்.”

“என்ன வேலை?”

“உப்பளத்துல.”

“கறுப்பு எங்க ஜாஸ்தி?”

அவர் யோசித்தார். “தாடைக்கு அடியில. மூக்குக்குக் கீழ.”

மைமூன் சாவியை எடுத்தாள். கிளினிக்கைப் பூட்டினாள். அவரை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டாள்.

சுடலைவடிவு வேலை பார்க்கும் உப்பளத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது உச்சிவேளை. கொட்டகையில் கிடந்த ஓலைத் தொப்பி ஒன்றைக் கேட்டு வாங்கி, அவர் தலையில் வைத்தாள்.

“வரப்புல போய் நில்லுங்க.”

“எவ்வளவு நேரம்?”

“பத்து நிமிஷம்.”

தொப்பி நல்ல அகலம். முகம் முழுக்க நிழல் விழுந்தது. இதிலென்ன கஷ்டம் என்றுதான் நினைத்தார்.

மூன்றாவது நிமிஷம் தாடைக்கு அடியில் சுரீரென்றது. தலையைக் குனிந்தார். இன்னும் எரிந்தது. கண் கூசியது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை வெள்ளை வெளேரென்று உப்பு. மேலே இருந்து இறங்கிய வெயில் உப்பில் பட்டுக் கீழே இருந்து முகத்துக்கு ஏறிக்கொண்டிருந்தது. பாவம், தொப்பி என்ன செய்யும்?

அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

“அவ பொய் சொல்லல.”

“ம்.”

“அவ முகத்துக் கறுப்பு போயிருமா டாக்டரம்மா?”

“தெரியல அண்ணாச்சி. வருஷக்கணக்கா ஆவலாம். போவாமலும் இருக்கலாம்.”

அடுத்த பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். சுடலைவடிவுதான். கண்ணை மட்டும் விட்டு முகத்தைத் துணியால் சுற்றியிருந்தாள். அவரை அடையாளம் கண்டதும் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு வேகமாக வந்தாள். வாய்க்கு வந்தபடி ஏசப்போகிறாள் என்று அவர் காத்திருந்தார். ஏசினால் தேவலை என்றிருந்தது.

“சார், உங்க மருந்தை நான்தான் பாழாக்கிட்டேன். எங்கம்மையும் அதைச் சொல்லித்தான் தெனமும் ஏசுதா. எங்க தப்பு பண்ணேன்னு எனக்குத்தான் பிடிபடல. அதை மட்டும் சொல்லுங்க சார்.”

அருள்ராயன் மைமூன் பக்கம் திரும்பினார்.

“என்னைய ஏன் பாக்கீங்க?” என்றாள் மைமூன். “உங்ககிட்டத்தான் கேக்கா.”