கோழிக்கு வைத்த வெண்கலக் கிண்ணம்

தாமிரபரணிக் கரையில் உலகம்மை என்றொரு வார்ப்புக்காரி இருந்தாள். மெட்டி, காப்பு, வெண்கலக் கிண்ணம் எல்லாம் வார்ப்பாள். வார்க்கக் கற்றுக்கொடுக்கவும் செய்வாள்.

அவளிடம் படிக்க வந்தவர்களில் பூதலிங்கம் அவளைவிட மிகவும் மூத்தவர். எண்ணெய்க் கடை முதலாளி. ஆயுசு முழுக்க வெண்கலக் கிண்ணத்தில் எண்ணெய் அளந்தவருக்கு, அப்படி ஒன்றைத் தன் கையாலேயே வார்த்துவிட வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. கடையை மைத்துனர் பொறுப்பில் விட்டுவிட்டு வந்தார்.

மைத்துனர் லேசுப்பட்டவர் இல்லை. "தை பிறக்கிறதுக்குள்ள ஒழுகாத கிண்ணம் ஒண்ணு கொண்டாங்க. இல்லைன்னா பேசாம வந்து கல்லாவுல உக்காருங்க" என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார். பூதலிங்கமும் சரி என்று வாக்குக் கொடுத்திருந்தார். உலையின் சூட்டைப் பார்த்த பிறகு கல்லாவை நினைத்தாலே அவருக்கு வேப்பங்காயாகக் கசந்தது.

மார்கழி பாதி போய்விட்டது. அவர் வார்த்த கிண்ணம் எல்லாம் ஒழுகியது.

"ஏம்மா ஒழுகுது?" என்று கேட்டார்.

"கிண்ணத்தைக் கொண்டாங்க, பாப்போம்" என்றாள் உலகம்மை.

"அதை அப்பவே உருக்கிட்டேனே."

உலகம்மை தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

அவளுடைய வார்ப்புக் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வார்ப்பு கெட்டுப்போனால், ஏன் கெட்டது என்று வார்த்தவரே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் அதை மறுபடி மூசை என்கிற உருக்குச் சட்டியில் போட்டு உருக்கலாம். அதுவரை அது அவர் கண்ணெதிரே கிடக்கும். கூடப் படித்த பேச்சியின் எதிரே கோணல் மெட்டி ஒன்று வெகுநாளாகக் கிடந்தது. அவள் வெட்கப்படவே இல்லை. வருகிறவர்களுக்கெல்லாம் அதை எடுத்துக் காட்டிச் சிரிப்பாள்.

பூதலிங்கத்துக்கு அது ஆகவில்லை. கெட்ட சரக்கைக் கடை முகப்பில் வைக்கிற வியாபாரி உண்டா? கிண்ணம் ஒழுகுகிறது என்று தெரிந்ததும், பிறர் கண்ணில் படுமுன் மூசைக்குள் தள்ளிவிடுவார். அடுத்த கிண்ணத்தின் அச்சுக்கு வண்டல் மண்ணை மாற்றுவார். அதற்கும் அடுத்ததற்கு, அச்சுக்குள் உருவம் பிடிக்கிற மெழுகை மாற்றுவார். ஒருமுறை நல்ல நேரம் பார்த்து உலை மூட்டினார். கிண்ணம் பஞ்சாங்கம் பார்க்கவில்லை. ஒழுகியது.

அன்றும் அதைத் துண்டில் மறைத்துக்கொண்டு உலைப் பக்கம் போனார். உலகம்மை குறுக்கே வந்து நின்றாள்.

"குடுங்க, அண்ணாச்சி."

வாங்கிக்கொண்டு போய் வாசலில் வைத்தாள். தண்ணீர் ஊற்றினாள். கோழிகள் ஓடி வந்தன.

"வாசல்லயா வைக்கணும்? ஊரே பாக்குதும்மா."

"கோழிக்குத் தாகம்."

கடைத்தெரு ஆள் ஒருவர் அந்த வழியாகப் போனார். "முதலாளி வார்த்ததா? கோழி குடுத்து வச்சதுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். பூதலிங்கத்துக்கு அன்று சோறு இறங்கவில்லை.

அடுத்து வார்த்ததும் ஒழுகியது. உலகம்மை அதையும் வாங்கி, முதல் கிண்ணத்தின் பக்கத்தில் வைத்தாள்.

"இது எதுக்கும்மா?"

"கோழி கூடிப்போச்சு."

மறுநாள் காலையில் பூதலிங்கம் பையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். முகம் கறுத்திருந்தது.

"கல்லாவுக்கே போறேன்மா. எனக்கு இது வராது. நீங்களும் மானத்தை வாங்கிட்டீங்க."

"போறதா இருந்தா போங்க. கோழிக்குத் தண்ணி மட்டும் ஊத்திட்டுப் போங்க."

அவர் கோபத்தோடு குடத்தை எடுத்து இரண்டு கிண்ணத்தையும் நிறைய நிரப்பினார். செருப்பை மாட்டக் குனிந்தார். வார் பிய்ந்திருந்தது. அதைச் சரிசெய்துவிட்டு நிமிர்ந்தார்.

இரண்டு கிண்ணத்திலும் தண்ணீர் பாதிக்கு இறங்கி நின்றது. அதற்குக் கீழே இறங்கவில்லை.

கோழிகளை விரட்டிவிட்டு மறுபடி நிரப்பினார். அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். தண்ணீர் சுவரோரமாகக் கசிந்து கசிந்து இறங்கியது. அதே உயரத்தில் நின்றுகொண்டது. கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். அந்த மட்டத்தில் கிண்ணத்தைச் சுற்றி மயிரிழைபோல ஒரு கோடு ஓடியது. பக்கத்துக் கிண்ணத்திலும் ஓடியது.

"பேச்சி, இங்க வா. இதுக்கு மண்ணு வேற, அதுக்கு மண்ணு வேற. மெழுகும் வேற. கோடு மட்டும் எப்படி ஒரே இடத்துல வருது?"

"எனக்கென்ன தெரியும், அண்ணாச்சி? நானா வார்த்தேன்?"

பூதலிங்கம் வெறுங்கையைத் தூக்கினார். மூசையைப் பிடித்திருப்பதுபோலப் பிடித்து, மெல்லச் சாய்த்தார். பாதியில் கை தானாக நிமிர்ந்தது. தலை உள்ளே எட்டிப் பார்த்தது. இன்னொரு முறை சாய்த்தார். கை மறுபடி நிமிர்ந்தது.

அவர் எழுந்து உள்ளே போனார். கூடத்தில் எல்லோரும் வேலையாக இருந்தார்கள். நடுவில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"பாதியில நிறுத்துதேன்மா. எண்ணெய் அளக்குற மாதிரி, எவ்வளவு மிச்சம்னு எட்டிப் பாக்குதேன். அதுக்குள்ள உள்ள போனது ஆறிடுது. மிச்சத்தை ஊத்துனா அதோட ஒட்டல."

"அப்போ உருக்குங்க" என்றாள் உலகம்மை.

இரண்டு கிண்ணமும் மூசைக்குள் போயின. புதிதாகச் செய்த மண் அச்சு காய்ந்து, சூட்டில் மெழுகு வழிந்து வெளியேறிக் காத்திருந்தது. பூதலிங்கம் இடுக்கியால் மூசையைத் தூக்கினார். சாய்த்தார். பாதியில் கழுத்து மூசைப் பக்கம் திரும்பப் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அச்சின் வாயையே பார்த்தார். கை நிற்கவில்லை. அச்சு நிறைந்து, அதன் மறுபக்கத்துத் துளையில் உலோகம் தளதளவென்று எட்டிப் பார்த்தபோதுதான் மூசையை நிமிர்த்தினார்.

ஆறியதும் மண்ணை உடைத்தார்கள். கழுவினார்கள். பேச்சி தரையில் காய்ந்த செம்மணலைப் பரப்பினாள். அதன்மேல் கிண்ணத்தை வைத்து விளிம்பு தொட நிரப்பினார்கள்.

வெயில் வாசலில் இருந்து கூடத்துக்குள் நகர்ந்து வந்தது. தண்ணீர் விளிம்பிலேயே நின்றது. கிண்ணத்தைத் தூக்கிப் பார்த்தார்கள். மணல் காய்ந்தபடியே இருந்தது.

பேச்சி குலவை போட்டாள். மற்ற பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். கூடமே அதிர்ந்தது. தெருவில் போனவர்கள் எந்த வீட்டில் கல்யாணம் என்று எட்டிப் பார்த்தார்கள். பூதலிங்கம் தண்ணீரைத் தன் தலையிலேயே கொட்டிக்கொண்டு, கிண்ணத்தை விரலால் சுண்டினார். கணீரென்றது. மறுபடி மறுபடி சுண்டினார். கண்ணில் வழிந்ததைத் துடைக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை. வாழ்க்கையில் அவர் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

கொஞ்சம் அடங்கிய பிறகு உலகம்மையிடம் வந்தார்.

"பக்கத்துலயே நின்னு பாத்தீங்களே. நான் நிறுத்துனது உங்களுக்குத் தெரியாதாம்மா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா ஒரு வார்த்தை சொல்லல?"

"சொன்னேனே, அண்ணாச்சி. முதல் கிண்ணம் வார்த்த அன்னைக்கே சொன்னேன். நடுவுல நிறுத்தாம ஊத்துங்கன்னு."

"அதுக்கு நான் என்ன சொன்னேன்?"

உலகம்மை கிண்ணத்தை அவர் கையிலிருந்து வாங்கி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"'நான் எங்கம்மா நிறுத்துனேன்'னு கேட்டீங்க."