எதற்கு மூன்று தடவை?

"கிறுக்குப் பிடிச்சது இந்த ஆளுக்கா, இல்ல இதை எழுதினவனுக்கா?" என்று கேட்டார் பொன்னுத்துரை.

கேட்டது குழலியிடம். நாடகத்தை இயக்குகிறவள் அவள்தான்.

பொன்னுத்துரை லேசுப்பட்ட ஆள் இல்லை. மதுரைப் பக்கத்துத் திருவிழா மேடைகளில் முப்பது வருஷம் ராஜபார்ட். அவர் வாளை உருவினால் கடைசி வரிசையில் தூங்குகிறவனும் எழுந்து உட்காருவான். ஐம்பத்தெட்டு வயதில், புது மாதிரி நாடகத்தையும் ஒரு கை பார்த்துவிடலாம் என்று, தன் மகள் வயதுக்காரியான குழலியிடம் சிஷ்யராக வந்து சேர்ந்திருந்தார். ஆசை யாரை விட்டது.

அவள் கொடுத்தது ஒன்பது பக்கம். ஒரே ஒரு ஆள். பெயர் கிடையாது, ஊர் கிடையாது, எதிரே நின்று பேச யாரும் கிடையாது. ஒவ்வொரு வரியும் மூன்று தடவை.

'கதவு சாத்தியிருக்கு. கதவு சாத்தியிருக்கு. கதவு சாத்தியிருக்கு. சோறு ஆறிப்போச்சு. சோறு ஆறிப்போச்சு...'

இப்படியே ஒன்பது பக்கம்.

இருபது நாளாக அவரும் சொல்லிப் பார்த்துவிட்டார். முதல் தடவை கோபம், அடுத்தது அழுகை, மூன்றாவது சிரிப்பு என்று மாற்றிப் பார்த்தார். குரலை ஏற்றி இறக்கிப் பார்த்தார். நேற்று ஒத்திகை பார்க்க வந்தவர்களில் இரண்டு பேர் கொட்டாவி விட்டார்கள். தன் முன்னால் யாரும் கொட்டாவி விட்டு அவர் பார்த்ததே இல்லை.

"நாலு நாள்ல நாடகம். ஊரு சிரிச்சா முப்பது வருஷப் பேரும் போச்சு. ஒண்ணு, வரிக்கு ஒரு தடவைன்னு வெட்டிக் கொடு. இல்ல, ஆளை விடும்மா."

"வெட்டலாம்ணே. அதுக்கு முன்னாடி, இன்னைக்குக் காலையில என்ன செஞ்சீங்க, சொல்லுங்க."

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"சும்மா சொல்லுங்கண்ணே."

கதை கேட்க ஆள் கிடைத்தால் மனுஷன் விடுவாரா? நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"மீன் வாங்கலாம்னு மார்க்கெட்டுக்குப் போனேன்."

"ம்."

"அயிரை இல்லைன்னுட்டாங்க."

"ம்ம்."

"சரி, கத்திரிக்காயாவது வாங்குவோம்னு திரும்புறேன். எதிர்ல யாருங்குற? நம்ம காளையப்பன்."

"அட."

காளையப்பன் அவரோடு இருபத்திரண்டு வருஷம் மேடையேறிய பபூன். ராஜா ஒன்று சொன்னால் எதிர்ப்பேச்சு ஒன்பது சொல்லுவார். பொன்னுத்துரை புது நாடகத்துக்கு வந்த நாளிலிருந்து காளையப்பன் இவரோடு பேச்சை நிறுத்திவிட்டார்.

"கண்டும் காணாத மாதிரி போயிட்டான்."

குழலி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "ம்" வரவில்லை.

பொன்னுத்துரை கொஞ்சம் பொறுத்தார்.

"காளையப்பன்தாம்மா. கண்டும் காணாத மாதிரி போயிட்டான்."

அவள் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, கண்டும் காணாத மாதிரி போயிட்டாங்குறேன்."

குரல் உடைந்துவிட்டது. அவருக்கே தூக்கிவாரிப் போட்டது. இதை அவர் வீட்டில்கூட யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

குழலி திரும்பி வந்து எதிரில் உட்கார்ந்தாள். கையில் பென்சில் இருந்தது.

"சொல்லுங்கண்ணே. எந்த வரியை வெட்டணும்?"

அவர் அவளைப் பார்க்கவில்லை. ஒன்பது பக்கத்தையும் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"கதவு சாத்தியிருக்கு" என்றார்.

ஒரு "ம்" வருமா என்று காது கொடுத்துக் கேட்டார். அறையில் சத்தமே இல்லை.

"கதவு சாத்தியிருக்கு."

மறுபடியும் காது கொடுத்தார்.

மூன்றாவது தடவையும் சொன்னார். சொல்லிவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். அடுத்த வரிக்குப் போக அவருக்கு மனசு வரவில்லை.

"ஏம்மா," என்றார் மெல்ல, "மூணு தடவை போதுமா இந்த ஆளுக்கு?"