பிரம்பு ஏற்றப் போன வண்டி

முன்னொரு காலத்தில் செங்காட்டு நாட்டை விசித்திரவழுதி என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் காலையில் ஓர் உத்தரவு போட்டால் சாயங்காலம் அதற்கு நேர் எதிராக இன்னொன்று போடுவார். ஆசை ஆசையாகப் பள்ளிக்கூடம் கட்டி, ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் படிக்கலாம் என்று சொன்னவரும் அவர்தான். வண்டிக்கார வெள்ளைக்கண்ணுவின் மகள் பூவாயி அங்கேதான் படித்தாள்.

அரண்மனைப் பண்டிதர் அட்சயநாதருக்கு அது பொறுக்கவில்லை. மாடு ஓட்டுகிறவன் மகள் எழுத்தாணி பிடிப்பதா என்று வயிறெரிந்தார்.

பங்குனி மாதம் பிறந்தது. சித்திரை வந்தால் விடுமுறை. வெயில் ஏற ஏறப் பிள்ளைகள் துவண்டு போனார்கள். அந்த நேரம் பார்த்து ராஜா பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தார். பின்னாலேயே பண்டிதர். ஒரு பையன் ஓலையில் மாங்காய் வரைந்துகொண்டிருந்தான். இன்னொருவன் கொட்டாவி விட்டான். ராஜாவைப் பார்த்த பிறகும் வாயை மூட முடியவில்லை அவனுக்கு.

"ஏழெட்டு எவ்வளவு?" என்று மூன்றாவது பையனைக் கேட்டார் ராஜா.

"இன்னும் இருபத்துமூன்று நாள், மகாராஜா!"

ராஜாவுக்கு மூக்கு சிவந்துவிட்டது. பண்டிதருக்கோ கரும்பு தின்ற மாதிரி இருந்தது.

"முதுகில் நாலு போட்டால் தானாகப் படிப்பு வரும், மகாராஜா. மலையடிவாரத்தில் நல்ல பிரம்பு கிடைக்கிறது. ஆளுக்கு ஒன்று வெட்டி வருவோம். அதற்கும் மசியாவிட்டால் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டு யானை கட்டிக்கொள்ளலாம்."

"அப்படியே ஆகட்டும்!" என்றார் ராஜா.

பிரம்பு ஏற்ற யாருடைய வண்டியைக் கூப்பிட்டார்கள் தெரியுமா? ஊரில் நாற்பது வண்டி இருக்க, வெள்ளைக்கண்ணுவின் வண்டியைத்தான் பண்டிதர் கைகாட்டினார்.

"என்னை அடிக்கிறதுக்கு நீயே போய்ப் பிரம்பு ஏத்திட்டு வரப் போறியாப்பா?" என்று கேட்டாள் பூவாயி.

வெள்ளைக்கண்ணு பாதிச் சோற்றோடு எழுந்தார். கையைக் கழுவிவிட்டு மாட்டைப் பூட்டினார்.

நல்ல பிரம்பாகப் பொறுக்க வேண்டும் என்று பண்டிதரும் வண்டியில் ஏறிக்கொண்டார். ஊர் எல்லை தாண்டியதும், "என்னய்யா இது, நத்தை பூட்டியிருக்கிறாயா?" என்று கத்தினார்.

"சாமி வேணும்னா ஓட்டிப் பாருங்க" என்று தார்க்குச்சியை அவர் கையில் கொடுத்துவிட்டார் வெள்ளைக்கண்ணு. தன் மாட்டின் மேல் விழுந்த ஒவ்வோர் அடிக்கும் பல்லைக் கடித்துக்கொண்டார்.

மறுநாள் சபையில் பிரம்புக் கட்டு வந்து இறங்கியது. பண்டிதர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இவன் மாடுகள் மகா மோசம், மகாராஜா! போகும்போது கை வலிக்க அடித்தேன், அசையவில்லை. எட்டு நாழிகை ஆயிற்று. வரும்போது பாரம் ஏற்றியிருந்தும் என்ன ஓட்டம்! ஐந்தே நாழிகை. பிரம்புக் கட்டின் மேல் உருண்டு புரண்டு வந்து சேர்ந்தேன்."

வெள்ளைக்கண்ணு மெதுவாகக் கேட்டார்: "வரும்போது அடி பலமோ, சாமி?"

"எதை வைத்து அடிக்க? போகும்போதே உன் குச்சி ஒடிந்துவிட்டதே! கட்டிலிருந்து ஒரு பிரம்பை உருவக்கூட, பிடித்த கையை விட முடியவில்லையே!"

சபை குபீரென்று சிரித்தது. ராஜா மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அடித்தால் நடக்கவில்லை, அடிக்காதபோது ஓடியிருக்கிறது. இது என்ன கூத்து?"

"கூத்தெல்லாம் இல்லீங்க, மகாராஜா. தொழுவத்திலே ஊறவச்ச பருத்திக்கொட்டை காத்திருக்குன்னு மாட்டுக்குத் தெரியும். அதான் வீடு நெருங்க நெருங்க ஓடுது. நம்ம பிள்ளைகளுக்கு வருஷக் கடைசியிலே என்ன காத்திருக்கு? இதுதானே?" என்று பிரம்புக் கட்டைக் காட்டினார்.

ராஜா தாடியைத் தடவினார். "சரி, அவர்களுக்கு என்ன வைக்கலாம்? லட்டா, ஜிலேபியா?"

"அதை அவங்களையே கேளுங்க."

ஆள் போய்ப் பூவாயியை அழைத்து வந்தான். அவள் கொஞ்சமும் தயங்கவில்லை.

"எப்பவும் பெரியவங்கதான் கேள்வி கேக்கிறீங்க. கடைசி நாளிலே நாங்க கேக்கணும், நீங்க பதில் சொல்லணும்!"

"ஒரே ஒரு விதி போடுங்க, மகாராஜா" என்றார் வெள்ளைக்கண்ணு. "கேக்கிறவங்களுக்குப் பதிலும் தெரிஞ்சிருக்கணும், விளக்கவும் தெரியணும்."

"குழந்தைகளிடம் எனக்கென்ன பயம்?" என்றார் பண்டிதர். "நான் தோற்றால் அடுத்த வருஷம் அவர்களோடு தரையில் உட்கார்ந்து படிக்கிறேன். அவர்கள் தோற்றால் பள்ளிக்கூடத்தில் யானை."

ராஜா சம்மதித்தார்; பிரம்புக் கட்டு ஒரு மூலைக்குப் போயிற்று. அன்றிலிருந்து பள்ளிக்கூடம் தேன்கூடு மாதிரி இரைந்தது. சுலபமாகக் கேட்டால் அவமானம். பதில் தெரியாமல் கேட்டால் அதைவிட அவமானம். பொழுது சாய்ந்த பிறகும் வீட்டுக்குப் போகமாட்டோம் என்றார்கள். "போய்ச் சாப்பிட்டுவிட்டாவது வாருங்களேன்!" என்று வாத்தியார் கும்பிட்டார்.

கடைசி நாள் வந்தது. சபையே கூடியிருந்தது. பூவாயி எழுந்து பண்டிதரைப் பார்த்தாள்.

"முக்காலில் முக்கால் எவ்வளவுங்க?"

பண்டிதர் விரலை மடக்கினார். நீட்டினார். மேலே விட்டத்தைப் பார்த்தார். "முக்காலில் முக்கால்... அரை. அரைதான்!"

"இல்லைங்க, அரையே மாகாணி. ஒரு வெல்லக்கட்டியை நாலா வெட்டி மூணை எடுங்க. அந்த மூணையும் தனித்தனியா நாலா வெட்டி, ஒவ்வொண்ணிலும் மூணு எடுங்க. ஒன்பது துண்டு. முழுக்கட்டிக்குப் பதினாறு துண்டு. எட்டு துண்டு அரை. மிச்சம் ஒண்ணு, பதினாறிலே ஒரு பங்கு. அதுதான் மாகாணி."

ராஜா நிஜமாகவே வெல்லம் கொண்டுவரச் சொல்லி வெட்டிப் பார்த்தார். சரியாக இருந்தது. ஒன்பது துண்டையும் பூவாயி கையில் கொடுத்துவிட்டு, மிச்சத்தைத் தன் வாயில் போட்டுக்கொண்டார்.

"இந்தப் பள்ளிக்கூடத்தை இனி யாரும் மூட முடியாது, அதன் செலவுக்குப் பத்து வேலி நிலம் எழுதிக்கொடுத்தேன். வெள்ளைக்கண்ணு, இனி நீர் என் சபையில் உட்காரலாம். பண்டிதரே, சித்திரை கழிந்ததும் பள்ளிக்கூடம் திறக்கும். நேரத்துக்குப் போய்ச் சேரும்!"

வருஷா வருஷம் கடைசி நாளில் பிள்ளைகள்தான் கேள்வி கேட்க வேண்டும், சபையோர் பதில் சொல்ல வேண்டும் என்றும் சாசனம் எழுதினார் ராஜா. அன்று போட்ட உத்தரவுகளை மட்டும் சாயங்காலமும் அவர் மாற்றவில்லை. அதற்குப் பிறகு செங்காட்டு நாட்டில் பங்குனி பிறந்தால் பிள்ளைகள் குதித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனார்கள். மந்திரி பிரதானிகள்தான் ஓலையும் கையுமாக, வாய்ப்பாட்டை முணுமுணுத்துக்கொண்டு, எப்போதடா விடுமுறை வரும் என்று நாளை எண்ணினார்கள்.